1986-ல் கட்டிய வீட்டை முழுசா மாத்தணும்: ஆர்க்கிடெக்டா, இன்டீரியர் கம்பெனியா, மேஸ்திரியா? (கடலூர்)

கெடிலக்கரை · 19 ஜனவரி 2025

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் எங்க வீடு. அப்பா 1986-ல் கட்டினது. தரைத்தளம் மட்டும், 1,150 சதுர அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், தூண் கிடையாது. அப்பா போய் மூணு வருஷம் ஆகுது. அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முழங்காலும் தேய்மானம். நானும் வீட்டுக்காரரும் பிள்ளைங்களும் சென்னையை விட்டு அம்மாவோடயே வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

அப்பா கட்டினப்போ ரோட்டை விட வீடு ரெண்டடி மேல இருந்துச்சு. ரோடு போடப் போட இப்போ ஹால் தரை ரோட்டுக்கு அரை அடி கீழ. 2015 வெள்ளத்துல தண்ணி உள்ள வந்துச்சு. போன டிசம்பர்ல, ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம், ஹால்ல ஒரு ஜாண் நின்னுச்சு. அம்மா ரெண்டு ராத்திரி கட்டில் மேலயே இருந்தாங்க. அதை நினைச்சா இப்பவும் எனக்குத் தாங்கல.

கையில 28 லட்சம் இருக்கு. மூணு பேர்கிட்ட பேசினோம். ஒரு இன்டீரியர் கம்பெனி 3டி படமெல்லாம் போட்டு 26 லட்சம் சொல்றாங்க, அறுபது சதவீதம் முன்பணம். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது டைல்ஸ், எல்லாம் அதுல அடக்கம். ஒரு ஆர்க்கிடெக்ட் வரைபடத்துக்கும் பன்னிரண்டு தடவை சைட்டுக்கு வந்து பார்க்கவும் 1 லட்சத்து 90 ஆயிரம் கேட்கிறார், வேலைக்கு ஆள் தனியா வைக்கணும். தெரிஞ்ச மேஸ்திரி, "வரைபடம் எதுக்கும்மா, நீங்க சொல்லுங்க நான் செய்யறேன்"னு சொல்றார். யார்கிட்ட போறது?

மேஸ்திரிமகன் · 19 ஜனவரி 2025

அக்கா, எங்க அப்பா நெல்லிக்குப்பம், பண்ருட்டி சைடு நாற்பது வருஷமா மேஸ்திரி. நான் சிவில் டிப்ளமா முடிச்சு அவரோடயே வேலை பார்க்கிறேன். நல்ல மேஸ்திரி கிடைச்சா ரெண்டு லட்சம் மிச்சம், அதுல நல்ல ஜன்னலே போட்டுடலாம். தண்ணிப் பிரச்சனைக்கு வீட்டை ஜாக்கி வெச்சு மூணடி தூக்கிடலாம். இப்போ நிறைய பேர் செய்யறாங்க. தூக்கிட்டு டைல்ஸ் போட்டு பெயின்ட் அடிச்சா முடிஞ்சது.

மரமும்நிறமும் · 20 ஜனவரி 2025

நான் புதுச்சேரியில இன்டீரியர் டிசைனர். என் தொழிலையே பத்தி நேராச் சொல்றேன். தண்ணி புகுந்த வீட்டுக்குள்ள முதல்ல என்னை மாதிரி ஆளைக் கூப்பிடாதீங்க. நாங்க கடைசி மூணு மாசத்துக்கு வேண்டியவங்க. 3டி படத்துல தெரியற வெளிச்சம் கம்ப்யூட்டர் போட்ட வெளிச்சம். உங்க பக்கத்து வீட்டுச் சுவர் நாலடி தள்ளி நிக்கறது அந்தப் படத்துல இருக்காது. அறுபது சதவீத முன்பணம் எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீங்க.

உப்புக்காற்று · 20 ஜனவரி 2025

கட்டமைப்புப் பொறியாளர், புதுச்சேரி. மூன்று பேரில் யார் என்பதை அப்புறம் பார்ப்போம். ஃபால்ஸ் சீலிங் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு கேள்வி. இப்போது உங்கள் தளத்தின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது? எங்காவது பூச்சு உதிர்ந்திருக்கிறதா? கம்பி போகும் வழியில் நேர்கோடாக விரிசல் இருக்கிறதா? சன்ஷேடின் அடிப்பகுதியையும் பாருங்கள். ஒரு சாவிக்கொத்தால் தளத்தைத் தட்டினால் எங்காவது பொள்ளென்று சத்தம் வருகிறதா?

கெடிலக்கரை · 21 ஜனவரி 2025

சார், நேத்து ராத்திரி வீட்டுக்காரர் ஏணி போட்டு ரூம் ரூமாத் தட்டிப் பார்த்தார். பெட்ரூம்ல நாலு வருஷம் முன்னாடி பூச்சு பேர்ந்து விழுந்துச்சு, அப்போ சிமென்ட் பூசி மூடிட்டோம். அதைச் சுத்தி இப்போ பொள்ளுன்னு கேட்குது. பாத்ரூம் தளத்துல துருக்கறை. சமையலறை சன்ஷேட்ல கம்பி வெளியவே தெரியுது. ஃபேன் கொக்கி துரு பிடிச்சு மெலிஞ்சிருக்கு. இன்டீரியர் கம்பெனிக்காரங்க இதையெல்லாம் பார்த்துட்டு, "மேடம், ஃபால்ஸ் சீலிங் வந்துட்டா எதுவும் தெரியாது"ன்னு சொன்னாங்க.

உப்புக்காற்று · 21 ஜனவரி 2025

தெரியாது என்பதுதான் ஆபத்து. கான்கிரீட் இயல்பில் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை உருவாக்குகிறது. கடல் காற்றில் வரும் குளோரைடு உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டால் அந்தப் படலம் உடைகிறது. துரு இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மேலே சிமென்ட் பூசி மூடினால் துரு நிற்காது, கண்ணுக்குத்தான் மறையும். 1980-களில் நம் பக்கத்துத் தளங்களில் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டு வைத்துக் கான்கிரீட் போடுவது சாதாரணம். பல இடங்களில் கம்பிக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது.

செய்ய வேண்டியது சோதனை. ரீபவுண்டு ஹாமர் என்ற சுத்தியல் சோதனை கான்கிரீட்டின் மேற்பரப்பு உறுதியைக் காட்டும். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டை விடக் கீழே போனால் கம்பி அரித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஓரிடத்தில் உடைத்து ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி திரவத்தைத் தெளித்தால் காரம் இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. அதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஆழம் ஆழமாகத் துளையிட்டுத் தூள் எடுத்துக் குளோரைடு அளவும் பார்க்கச் சொல்லுங்கள். அஸ்திவாரத்தைப் பார்க்க வீட்டின் இரண்டு மூலையில் குழி தோண்டுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு உங்கள் கிச்சன் கதவுகளுக்கு ஆகும் செலவை விடக் குறைவு. இது முடியும் வரை யாருக்கும் முன்பணம் வேண்டாம்.

காரைவீடு · 24 ஜனவரி 2025

நான் புதுச்சேரி, தமிழர் பகுதியில் பழைய வீடு. தெருத்திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை, அதற்கும் மேல் தட்டோடு. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒப்பில்லைதான். ஆனால் நான் பட்டது உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன் அம்மா.

2009-ல் நான் ஆர்க்கிடெக்ட் யாரையும் கேட்கவில்லை. அடிச்சுவரில் லேசாக ஓதம் இருந்தது. காரைப் பூச்சைக் கொத்திவிட்டு இடுப்பு உயரத்துக்கு நல்ல சிமென்ட் பூச்சு பூசினோம். தரையில் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துவிட்டு விட்ரிஃபைடு டைல்ஸ். இரண்டே மழைக்காலத்தில் ஓதம் சிமென்ட் பூச்சைத் தாண்டி ஆறடிக்கு ஏறிவிட்டது. காரைச் சுவர் மூச்சு விடும், உள்ளே வந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்ததும் ஈரம் மேலே வழி தேடிக்கொண்டது. உத்திரத்தின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில் மரம் உளுத்தது. என் தாத்தா காலத்துத் தேக்கு. அதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

2021-ல் பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள ஒரு ஆர்க்கிடெக்டைப் பிடித்தேன். அவர் முதல் மாதம் முழுவதும் ஒரு கோடும் புதிதாக வரையவில்லை. வீட்டை அளந்தார். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது, மழைத்தண்ணீர் எங்கே விழுந்து எங்கே போகிறது, எந்த உத்திரம் நல்லது என்று வரைபடத்தில் குறித்தார். பிறகு சிமென்டை முழுக்க எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் காரையே பூசினோம். முழு நீள உத்திரத்தை மாற்றாமல் உளுத்த முனையை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கை இணைத்தார்கள். இப்போது சுவர் காய்ந்திருக்கிறது.

எங்கள் வைசியாள் வீதி வீடுகளைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். அங்கே செய்ததில் பெரும்பகுதி, இருப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு அதே பொருளால் பழுது பார்த்ததுதான்.

முத்தியால்பேட்டை_பாரிஸ் · 26 ஜனவரி 2025

நான் இருக்கறது பிரான்ஸ்ல, வீடு முத்தியால்பேட்டையில. தங்கச்சிதான் பார்த்துக்கறா. போன தடவை ஒருத்தரை நம்பி வேலை கொடுத்தோம். பலகையில் ஆர்க்கிடெக்ட்னு போட்டிருந்தார், அப்புறம்தான் அவர் பதிவு பெற்றவர் இல்லைன்னு தெரிஞ்சுது. வாட்ஸ்அப்ல படம் வந்துக்கிட்டே இருக்கும், நான் பணம் அனுப்பிக்கிட்டே இருப்பேன். பாத்ரூம் தண்ணி கீழ ஹால்ல சொட்ட ஆரம்பிச்சப்போ எந்தப் பைப் எங்க போகுதுன்னு காட்ட ஒரு வரைபடம்கூட இல்ல. தரையை நாலு இடத்துல உடைச்சுத் தேடினோம். ஆர்க்கிடெக்டுக்கும் டிசைனருக்கும் சட்டப்படி என்ன வித்தியாசம்னு யாராவது சொல்லுங்க.

உப்புக்காற்று · 26 ஜனவரி 2025

1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இன்டீரியர் டிசைனர்களுக்கு அப்படியொரு சட்டப்பதிவு இல்லை. நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் செய்து முடித்த வீட்டை நேரில் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முடித்து மூன்று மழைக்காலம் ஆன வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை · 23 பிப்ரவரி 2025

ரிப்போர்ட் வந்துடுச்சு. அஸ்திவாரம் நல்லா இருக்கு, சுவரும் நல்ல செங்கல், விரிசல் இல்ல. ஆனா தளத்துல பாதிக்கு மேல ஹாஃப் செல் ரீடிங் மைனஸ் 350-க்குக் கீழ. பெட்ரூம்ல உடைச்ச இடத்துல கம்பி கால்வாசி போயிடுச்சு. கீழ நின்னு அந்தக் கம்பியைக் கையால தொட்டுப் பார்த்தேன், செதில் செதிலா உதிருது. அந்த அறையிலதான் அம்மா படுக்கறாங்க. அன்னிக்கே கட்டிலை ஹாலுக்கு மாத்திட்டோம்.

இதுக்கு மேல ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்போம்னு நினைச்சா உடம்பு பதறுது.

இப்போ என்ன செய்யறது? ஜாக்கி வெச்சுத் தூக்கலாமா? இல்ல, தளத்தைச் சரி பண்ணிட்டு உள்ள தரையை மட்டும் உயர்த்தலாமா?

மேஸ்திரிமகன் · 23 பிப்ரவரி 2025

அக்கா, ரிப்போர்ட்டைப் பார்த்தப்புறம் ஜாக்கி பத்தி நான் சொன்னதை எடுத்துக்காதீங்க. தளம் நல்லா இருக்கற வீட்டுக்குத்தான் அது. வீணாப்போன தளத்தை மூணடி தூக்கி வெச்சு என்ன பண்றது. அப்பாகிட்ட காட்டினேன், அவரும் தளத்தை இறக்கிடச் சொன்னார்.

உள்ள தரையை மட்டும் உயர்த்தறதும் சரி வராது. ரோட்டை விட ரெண்டடி மேல வேணும்னா, ஹால் தரை இப்போ அரை அடி கீழ இருக்கறதால, ரெண்டரை அடி ஏத்தணும். பத்தடி சீலிங் ஏழரை அடி ஆயிடும். ஏழடிக் கதவு நாலரை அடி ஆயிடும், குனிஞ்சுதான் போகணும். ஜன்னல் அடிப்பக்கம் முழங்காலுக்குக் கீழ வந்துடும்.

உப்புக்காற்று · 24 பிப்ரவரி 2025

தம்பி கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார். இதில்தான் உங்கள் இரண்டு பிரச்சனைகளும் ஒன்றாகின்றன. தளத்தை எப்படியும் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு சுவரை ரெண்டரை அடி உயர்த்த உங்களுக்கு வழி கிடைக்கிறது. கதவு, ஜன்னல் நிலைகளைக் கழற்றி அதே அளவு மேலே ஏற்றலாம். சுவர் உச்சியில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை, அதன்மேல் புதுத்தளம். உள்ளே மண் நிரப்பித் தரையை ஏற்றலாம். ஆனால் ஒன்று: ஓதத்தைத் தடுக்கும் பழைய டிபிசி பட்டை இப்போது மண்ணுக்குள் போய்விடும். புதுத் தரை மட்டம் வரை சுவரின் உள்முகத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு பூசிவிட்டுத்தான் மண் கொட்ட வேண்டும். இதை விட்டால் காரைவீடு ஐயா சொன்ன கதை உங்களுக்கும் நடக்கும். மண்ணை அரை அடி அடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும்.

இது வெறும் பழுதுபார்ப்பு அல்ல, மாநகராட்சியில் அனுமதி எடுத்துத்தான் செய்ய வேண்டும். வரைபடம் இல்லாமல் செய்யக்கூடிய வேலையும் அல்ல.

முத்தியால்பேட்டை_பாரிஸ் · 24 பிப்ரவரி 2025

இவ்வளவுக்குப் பதிலா மொத்தமா இடிச்சுட்டுப் புதுசாவே கட்டிடலாமே?

கெடிலக்கரை · 25 பிப்ரவரி 2025

அதையும் கேட்டோம் அண்ணா. புதுசாக் கட்ட வந்த ஒரே விலை 36 லட்சம். எங்ககிட்ட அவ்வளவு இல்ல. நல்லா நிக்கற அஸ்திவாரத்தையும் சுவரையும் எதுக்கு இடிக்கணும்னு ஆர்க்கிடெக்டும் கேட்டார். அவரையே வெச்சுக்கப் போறோம்.

கெடிலக்கரை · 30 மார்ச் 2025

ஆர்க்கிடெக்ட் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்தார். எதுவும் பேசாம பின்கட்டுல ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அம்மா எங்க காபி போடறாங்க, எதைப் பிடிச்சு எழுந்துக்கறாங்க, எத்தனை தடவை பின்வாசலுக்குப் போறாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தார். அம்மாவுக்குப் பின்வாசல்தான் எல்லாம். வாசப்படியில அரிவாள்மனையைப் போட்டுக் காய் நறுக்குவாங்க, அந்த வெளிச்சத்துலதான் பேப்பர் படிப்பாங்க. இன்டீரியர் கம்பெனி படத்துல அந்த வாசலை அடைச்சு வாஷிங் மெஷின் வெச்சிருந்தாங்க. நான்கூட அதைக் கவனிக்கவே இல்ல.

ஆர்க்கிடெக்ட் அந்த வாசலை அப்படியே வெச்சுட்டார். ரெண்டடி உயரத்துக்கு அம்மாவால படி ஏற முடியாதுங்கறதால முன்பக்கம் ஒண்ணுக்குப் பன்னிரண்டு சரிவுல சாய்தளம், கைப்பிடியோட. ரோட்டை விட ரெண்டடி, அப்போ சாய்தளம் இருபத்துநாலு அடி நீளம் ஆகுது. முன் காலியிடத்துல நேரா வராது, திருப்பி வளைச்சுக் கொண்டுவந்திருக்கார். பின்வாசல்ல அம்மா உட்கார ஒன்றரை அடி உயரத்துல ஒரு அகலத் திண்ணை, தரையில உட்கார்ந்து எழுந்திருக்கற கஷ்டம் இனி இல்ல.

புதுச்சேரி ஆசிரமத்து கோல்கொண்டே கட்டடத்தைப் பத்திச் சொன்னார். 1930-கள்ல ஆன்டனின் ரேமண்ட் வடிவமைச்சது. வடக்கும் தெற்கும் முழுக்கத் திருப்பக்கூடிய பலகைகள், ஏசி இல்லாமலே காத்து ஊடுருவிப் போகும். அதே யோசனையில எங்க ஹால்ல தெற்கு ஜன்னலுக்கு எதிர்ல வடக்குச் சுவர்ல உயரத்துல ஒரு காத்துவழி வருது.

பணக் கணக்கு: தளம் இறக்க, சுவர் உயர்த்த, புதுத்தளம், எல்லாம் சேர்த்து ஒன்பதரை லட்சம். உள்ள நிரப்ப 25 யூனிட் மண் (ஒரு யூனிட்னா நூறு கன அடி). ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், டிவி சுவர் எல்லாத்தையும் எடுத்துட்டோம். பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மரமும்நிறமும் · 31 மார்ச் 2025

இப்போ என் பங்கு. கிச்சன் மேடைக்குக் கீழ பிளைவுட் பெட்டியே வேண்டாம். கடப்பாக் கல் பலகையைச் செங்குத்தா நிறுத்தித் தட்டு போடுங்க, தண்ணி வந்தாலும் கழுவி விட்டுடலாம். மேல் அலமாரிக்கு ஐஎஸ் 710 பிளைவுட், அதாவது தண்ணி தாங்கற மரைன் பிளைவுட். கீல், கைப்பிடி எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க. 304 போட்டா கடல் காத்துல சீக்கிரமே பழுப்புப் புள்ளி வந்துடும். பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து மூணடிக்கு மேல, ஒயர் மேலிருந்து இறங்கணும். கழிவுநீர் பைப்புல திரும்பி வராம தடுக்கற வால்வு கட்டாயம், வெள்ளத்துல முதல்ல டாய்லெட் வழியாத்தான் தண்ணி வரும். அம்மாகிட்ட இருக்கற பாத்திரத்தை எல்லாம் எடுத்து வெச்சு அளந்துட்டுத் தட்டு உயரத்தை முடிவு பண்ணுங்க.

மேஸ்திரிமகன் · 31 மார்ச் 2025

அக்கா, ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. உங்க போர் தண்ணியில கான்கிரீட் போடாதீங்க, க்யூரிங்கும் (போட்ட கான்கிரீட்டைத் தண்ணியில ஊற வைக்கறது) பண்ணாதீங்க. கடலோரம் பல போர்ல உப்பு. லேப்ல கொடுத்துப் பாருங்க, கம்பி போடற கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. அப்பா எப்பவும் ஒரு வாய் ருசி பார்ப்பார், ஆனா லேப் ரிசல்ட்தான் சரி. தளம் எங்க டீமே போடறதா இருந்தா நான் நேர்ல வந்து நிக்கறேன்.

கெடிலக்கரை · 13 ஜூலை 2025

தளம் போட்டாச்சு! வைகாசியில பழைய தளத்தை இறக்கினாங்க. அன்னிக்கு அம்மா வாடகை வீட்டுலேயே இருந்துட்டாங்க, வந்து பார்க்க மாட்டேன்னுட்டாங்க. ஆடி பிறக்கறதுக்குள்ள முடிக்கணும்னு ஓடினோம், பத்தாம் தேதி கான்கிரீட்.

மேஸ்திரிமகன் தம்பியும் அவர் அப்பாவும்தான் வேலை எடுத்தாங்க. ஆர்க்கிடெக்ட் வரைபடம், பொறியாளர் கம்பி வரைபடம், வேலை அவங்க வேலை. போர் தண்ணியில குளோரைடு 1,100 வந்துச்சு தம்பி, நீங்க சொல்லலைன்னா அதையேதான் ஊத்தியிருப்போம். க்யூரிங் உட்பட எல்லாத்துக்கும் லாரித் தண்ணி வாங்கினோம். எம்30 ரகக் கான்கிரீட், கம்பிக்குக் கீழ இடைவெளி விட 45 மில்லிமீட்டர் கவர் பிளாக் கட்டைகள். கான்கிரீட் ஊத்தறதுக்கு முந்தின நாள் பெரியவர் தானே குனிஞ்சு ஒவ்வொரு பிளாக்கா எண்ணிப் பார்த்தார். ரெண்டு இடத்துல பிளாக் நகர்ந்திருந்துச்சு, திருப்பி வெச்சார்.

காரைவீடு · 13 ஜூலை 2025

பழைய தேக்கு நிலைகள் என்ன ஆயின அம்மா?

கெடிலக்கரை · 14 ஜூலை 2025

ஐயா, ஆறும் பத்திரமா இருக்கு. பின்வாசல் நிலையில மட்டும் அடிப்பக்கம் தண்ணியில ஊறி நாலு அங்குலம் உளுத்திருந்துச்சு. நீங்க உத்திரத்துக்குச் செஞ்ச மாதிரி அந்த முனையை மட்டும் வெட்டிப் புதுக்கட்டை சேர்க்க முடியுமான்னு ஆசாரியைக் கேட்டேன், முடியும்னுட்டார். அப்பா அதுல எங்க மூணு பேர் உயரத்தையும் பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கார், அது இழைப்புளி படாம இருக்கணும்னு அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. தளத்துல பாத்தி கட்டித் தண்ணி நிக்குது. வெள்ளிக்கிழமை ஆசாரி ஜன்னல் அளவு எடுக்க வர்றார்.